நேரலையில் ஒளிபரப்பாகும் மேடை இசை நாடகமும் பார்வையாளர் எதிர்வினையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரையும் அதன் சுற்றுப்புறங்களையும் சார்ந்த தமிழ்க் குடும்பங்களில் இசை நாடகத்தின்மீது பற்றுக் கொண்டவர்கள் பலர் இருக்கிறார்கள். மேடைக்காக எழுதப்பட்ட ஒரு இசை நாடகத்தை ஒரே இரவில், ஒரே மூச்சில் நடித்துப் பாடி, அப்படியே தொலைக்காட்சியில் காட்டும் வழக்கம் 2013-இல் அமெரிக்காவில் மீண்டும் உயிர்பெற்றது. அதிலிருந்து இவர்களிடையே எழும் வாதங்கள் பெரும்பாலும் நாடகத்தைப் பற்றியவை அல்ல. அதைப் பார்த்தவர்கள் சொன்னவற்றைப் பற்றியவை. அந்த வாதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே விடை தந்திருக்கிறோம்.

நேரலை இசை நாடகம் திரைப்படத்திலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

திரைப்படத்தில் ஒரு பாடலைப் பலமுறை பாடிச் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கலாம். நேரலையில் அதற்கு இடமில்லை. குரல் பிசிறினாலும் ஒலிவாங்கி சதி செய்தாலும் அடுத்த வரியைப் பாடித்தான் ஆகவேண்டும். மேடை நடிகருக்கும் இதே நிலைதான் என்றாலும், மேடையில் தவறினால் அந்த அரங்கில் இருக்கும் சில நூறு பேரோ ஆயிரம் பேரோதான் அறிவார்கள். நேரலையில் தவறினால் நாடே அறியும். மேலும், மேடை நாடகத்திற்குப் பெரும்பாலும் ஒரே ஒரு இடைவேளை. தொலைக்காட்சியிலோ விளம்பரம் வரும்போதெல்லாம் கதை நிற்கிறது.

இது புதிய முயற்சியா?

இல்லை. 1955 மார்ச் 7 அன்று மேரி மார்ட்டின் நடித்த 'பீட்டர் பேன்' நாடகத்தை அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான என்பிசி நேரலையாக ஒளிபரப்பியபோது ஏறத்தாழ 65 மில்லியன் பேர் பார்த்ததாகக் கணக்கிட்டார்கள். 1957 மார்ச் 31 அன்று ஜூலி ஆண்ட்ரூஸ் நடிப்பில் மற்றொரு நிறுவனமான சிபிஎஸ் ஒளிபரப்பிய 'சிண்ட்ரெல்லா', ரிச்சர்ட் ராட்ஜர்ஸும் ஆஸ்கர் ஹேமர்ஸ்டைனும் தொலைக்காட்சிக்கென்றே எழுதியது. அதைப் பார்த்தவர்கள் 100 மில்லியனுக்கும் மேல் என்பது அன்றைய மதிப்பீடு. நம் தாத்தா பாட்டிகளுக்கு இவை எதுவும் தெரியாமல் போனதில் வியப்பில்லை. தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி முறையாகத் தொடங்கியதே 1976 ஜனவரி 5 அன்றுதான்.

2013-இல் வந்த 'த சவுண்ட் ஆஃப் மியூசிக் லைவ்' நிகழ்ச்சிக்கு ஏன் அவ்வளவு கடுமையான எதிர்வினை எழுந்தது?

அந்த நிகழ்ச்சி 2013 டிசம்பர் 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் உள்ள ஒரு படப்பிடிப்புக் கூடத்திலிருந்து ஒளிபரப்பானது. மடத்திலிருந்து ஒரு கேப்டனின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வரும் நாயகி மரியாவாக நடித்தவர், அமெரிக்காவின் 'கன்ட்ரி' இசைப் பாடகி கேரி அண்டர்வுட். பாடுவதில் தேர்ந்த அவருக்கு மேடை நடிப்பு புதிது. அவரோடு நடித்தவர்களில் ஆட்ரா மெக்டொனால்ட், லாரா பெனான்டி, கிறிஸ்டியன் போர்ல் போன்றோர் நியூயார்க்கின் புகழ்பெற்ற பிராட்வே மேடையில் உயர்ந்த விருதுகளைப் பெற்றவர்கள். தேர்ந்தவர்களுக்கு நடுவே புதியவர் நின்றபோது அந்த வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. பார்த்தவர்கள் அதை உடனுக்குடன் ட்விட்டரில் எழுதித் தள்ளினார்கள். வசனம் பேசும் இடங்களில் அவர் தடுமாறினார் என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதைச் சொன்ன விதத்தில் பல இடங்களில் நியாயம் இல்லை.

எதிர்வினையின் மற்றொரு பகுதி முற்றிலும் தவறான புரிதலால் வந்தது. 1965-இல் வெளியான திரைப்படத்தை மனப்பாடமாக அறிந்தவர்கள், அந்தப் படத்தையே மீண்டும் எடுக்கிறார்கள் என்று நம்பி உட்கார்ந்தார்கள். உண்மையில் எடுக்கப்பட்டது 1959-இல் பிராட்வேயில் அரங்கேறிய மேடை நாடகம். திரைப்படத்தில் இடி மின்னலுக்கு அஞ்சும் குழந்தைகளிடம் மரியா தனக்குப் பிடித்தமானவற்றையெல்லாம் அடுக்கிப் பாடுகிறாள்; மேடை நாடகத்தில் அந்தப் பாடலை மடத்தின் தலைவியோடு சேர்ந்து பாடுகிறாள். இடி மின்னல் காட்சியில் வருவதோ ஆட்டிடையனைப் பற்றிய பாடல். கேப்டனும் அவரை மணக்கவிருக்கும் எல்சாவும் நண்பர் மாக்ஸும் பங்கேற்கும் இரண்டு பாடல்கள் மேடையில் உண்டு, திரைப்படத்தில் இல்லை. "பாட்டையெல்லாம் மாற்றிக் கெடுத்துவிட்டார்கள்" என்று அன்றிரவு கோபப்பட்டவர்கள், மாற்றியது திரைப்படமே என்பதை அறியாமல் கோபப்பட்டார்கள். எங்கள் வட்டத்திலும் இந்த வாதம் நடந்தது. மேடை வடிவத்தின் பாடல் வரிசையை எடுத்துக் காட்டிய பிறகுதான் அது ஓய்ந்தது.

பாட்டு முடிந்தவுடன் வரும் அந்த மயான அமைதிக்குக் காரணம் என்ன?

இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் இதையே முதன்மையானதாகக் கருதுகிறோம்.

2013 நிகழ்ச்சி நடந்த கூடத்தில் பார்வையாளர் எவரும் இல்லை. முதற்பகுதியின் இறுதிக்கட்டத்தில் மடத்துத் தலைவி மரியாவை மலையேறச் சொல்லிப் பாடும் பாடலை ஆட்ரா மெக்டொனால்ட் பாடினார். அன்றிரவு அனைவரும் ஒருமனதாகப் பாராட்டியது அந்தப் பாடலைத்தான். அதன் கடைசிச் சுரம் எழும்பி நின்று ஓய்கிறது. பிராட்வே அரங்கமாக இருந்திருந்தால் கூரை அதிரக் கைத்தட்டல் எழும். இசைக்குழு நடத்துநர் கோலைத் தாழ்த்திக் காத்திருப்பார். நடிகையும் அசையாமல் நின்று அதை வாங்கிக்கொள்வார். அன்றோ ஒரு சத்தமும் இல்லை. அப்படியே காட்சி முடிந்து போனது.

இதை முதன்முதலில் கவனித்துச் சொன்னவர் எங்களோடு அமர்ந்து பார்த்த ஒரு வயதான ஆயா. அவருக்கு ஆங்கிலப் பாடல் வரிகள் முழுவதும் புரியவில்லை. "இந்தப் பொண்ணு இவ்வளவு நல்லா பாடுது, ஏன் ஒருத்தரும் கைதட்டல?" என்று கேட்டார். பிறகு அவரே நாற்காலியில் இருந்தபடி கைதட்டினார். அறையில் இருந்த மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அதன் பிறகு வந்த ஒவ்வொரு பாடலுக்கும் தட்டினோம். நிகழ்ச்சி மெல்ல மெல்ல வேறு நிகழ்ச்சியாக மாறியது என்றே சொல்லவேண்டும், ஏனென்றால் முதல் அரைமணி நேரத்தில் குறை சொல்லிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கைதட்டத் தொடங்கியபின் கதைக்குள் போய்விட்டார்கள்.

இசை நாடகத்தை எழுதுகிறவர்கள் கைத்தட்டலுக்கு இடம்விட்டே எழுதுகிறார்கள். பாட்டின் முடிவில் ஏற்றப்படும் சுருதியும் நகைச்சுவை வசனத்திற்குப் பின் விடப்படும் சிறு நிறுத்தமும் பார்வையாளருக்கான இடங்கள். அந்த இடங்கள் வெறுமையாக இருந்தால், நடிகர் சரியாகவே செய்திருந்தாலும், பார்ப்பவருக்கு ஏதோ பிசகியதுபோல் தோன்றுகிறது. அந்த வெறுமையைப் பலர் நடிகரின் குறையாகப் புரிந்துகொண்டார்கள் என்பதே அன்றைய எதிர்வினையைப் பற்றி எங்கள் முடிவு.

நம் கூத்து மரபில் இதற்கு ஒப்பானது உண்டா?

உண்டு. கரும்புத் தோட்டங்களில் உழைக்க 1860 முதல் டர்பன் அமைந்துள்ள நேட்டாலுக்கு வந்த நம் முன்னோர் தெருக்கூத்தையும் உடன் கொண்டுவந்தார்கள். விடிய விடிய நடக்கும் கூத்தில் பார்வையாளர் வாய்மூடி உட்கார்ந்திருப்பதில்லை. கட்டியங்காரன் அவர்களோடு பேசுகிறான், அவர்கள் திரும்பப் பேசுகிறார்கள். தூங்கிப்போன பிள்ளைகளைச் சண்டைக் காட்சிக்கு எழுப்பிவிடுகிறார்கள். திரௌபதியின் துயரத்திற்கு அழுகிறார்கள். பார்ப்பவரை நீக்கிவிட்டுக் கூத்தை நினைத்துப் பார்க்கவே முடியாது. அந்த மரபில் வளர்ந்த காது, பார்வையாளர் இல்லாத கூடத்தின் அமைதியைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுகிறது. ஆயா கேட்ட கேள்வியும் அப்படி வந்ததுதான்.

கைத்தட்டலையே கதையின் பகுதியாகக் கொண்ட நாடகம் இருக்கிறதா?

'பீட்டர் பேன்' அத்தகையது. நஞ்சுண்டு இறந்துகொண்டிருக்கும் டிங்கர் பெல் என்ற தேவதையைப் பிழைக்க வைக்க, தேவதைகளை நம்புகிறவர்கள் கைதட்டுங்கள் என்று பீட்டர் பார்வையாளரைக் கேட்கும் காட்சி அதில் உண்டு. 1904 டிசம்பர் 27 அன்று லண்டனில் அது முதன்முதலாக மேடையேறியபோது, யாரும் தட்டாமல் விட்டால் என்ன செய்வது என்று அஞ்சிய நாடக ஆசிரியர் ஜே. எம். பேரி, இசைக்குழுவினரைக் கைதட்டும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்திருந்தார். ஏற்பாடு தேவைப்படவில்லை, அரங்கமே தட்டியது.

தொலைக்காட்சியில் இந்தக் காட்சி வரும்போது நடிகை கேமராவைப் பார்த்து வீட்டில் இருப்பவர்களிடம் கேட்கவேண்டியிருக்கிறது. மேரி மார்ட்டின் அப்படித்தான் செய்தார். 2014 டிசம்பர் 4 அன்று என்பிசி ஒளிபரப்பிய 'பீட்டர் பேன் லைவ்' நிகழ்ச்சியில் அலிசன் வில்லியம்ஸும் அதையே செய்தார். வீட்டில் எத்தனை குழந்தைகள் தட்டினார்கள் என்பது நடிகைக்குத் தெரிய வழியில்லை. தட்டினார்கள் என்று நம்பிக்கொண்டு அடுத்த வசனத்துக்குப் போகவேண்டும். அந்த நிகழ்ச்சியைப் பற்றிய பேச்சில் பெரும்பகுதி கேப்டன் ஹூக்காக வந்த கிறிஸ்டோபர் வாக்கன் நடித்த சோம்பலான பாணியைப் பற்றியே இருந்தது. எங்களுக்கு அந்தக் கைத்தட்டல் காட்சிதான் நினைவில் நிற்கிறது. ஆளில்லாத கூடத்தில் நின்று அதைக் கேட்பதற்கு மிகுந்த துணிவு வேண்டும்.

பார்வையாளரைக் கூடத்துக்குள் அழைத்துவந்த பிறகு எதிர்வினை மாறியதா?

தெளிவாக மாறியது. 2016 ஜனவரி 31 அன்று ஃபாக்ஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பிய 'கிரீஸ் லைவ்' நிகழ்ச்சியில் இயக்குநர் தாமஸ் கெய்ல் பார்வையாளர்களைக் காட்சியமைப்புகளுக்கு உள்ளேயே நிறுத்தினார். பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் நடனம் நடந்தால் அவர்களும் அந்தக் கூடத்தில் இருந்தார்கள். அன்று கலிஃபோர்னியாவில் மழை பெய்தது. தொடக்கப் பாடலைத் திறந்தவெளியில் குடைகளோடு நடத்தினார்கள். இடையில் சிறிது நேரம் ஒலியும் தடைபட்டது. ரிஸ்ஸோவாக நடித்த வனெஸ்ஸா ஹட்ஜென்ஸின் தந்தை அதற்கு முந்தைய இரவுதான் காலமாகியிருந்தார். இத்தனைக்கும் நடுவே பார்த்தவர்களின் பேச்சில் பாராட்டே ஓங்கியிருந்தது. அந்த ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதும் கிடைத்தது. 2013-இல் ஏளனத்துக்கு ஆளாகியிருக்கக்கூடிய மழையும் ஒலித்தடையும் இம்முறை 'நேரலை என்றால் இப்படித்தான்' என்ற பரிவோடு ஏற்கப்பட்டதற்கு, பாடல் முடிந்ததும் கேட்ட ஆரவாரம் பெரிய காரணம் என்று கருதுகிறோம். கூடவே இருப்பவர்கள் மகிழ்வதைக் கேட்டால் வீட்டில் இருப்பவருக்கும் மனம் இளகுகிறது.

2018 ஏப்ரல் 1, ஈஸ்டர் ஞாயிறு அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு பழைய படைக்கொட்டிலில் நடந்த 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' இந்தப் பாதையில் இன்னும் தூரம் போனது. ஜான் லெஜண்ட் இயேசுவாகவும் பிராண்டன் விக்டர் டிக்சன் யூதாசாகவும் பாட, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மேடையைச் சூழ்ந்து நின்று ஆர்ப்பரித்தார்கள். அதற்குக் கிடைத்த எம்மி விருதினால் ஜான் லெஜண்ட், நாடகத்துக்கு இசையமைத்த ஆண்ட்ரூ லாயிட் வெபர், பாடல் எழுதிய டிம் ரைஸ் மூவரும் தொலைக்காட்சி, இசை, திரைப்படம், மேடை ஆகியவற்றுக்கான எம்மி, கிராமி, ஆஸ்கர், டோனி என்ற நான்கு விருதுகளையும் பெற்றவர்கள் வரிசையில் சேர்ந்தார்கள்.

ஆரவாரம் அளவுக்கு மீறினால் அதுவும் குறைதானே?

ஆம். துயரமான காட்சியில் நடிகர் முகம் திரும்பியதற்கெல்லாம் கூச்சலிட்டால் கதை கலைந்துவிடும்; 2018 நிகழ்ச்சியில் அது சில இடங்களில் நடந்தது. ஆனாலும் அமைதியைவிட அந்தக் கூச்சல் மேல்.

'த விஸ் லைவ்' நிகழ்ச்சிக்கு எழுந்த எதிர்ப்பை எப்படிப் புரிந்துகொள்வது?

2015 டிசம்பர் 3 அன்று ஒளிபரப்பான அந்த நாடகத்தில் நடித்தவர்கள் எல்லாரும் கறுப்பினத்தவர். நாயகி டோரத்தியாக நடித்த ஷனீஸ் வில்லியம்ஸ் அதற்குமுன் அறியப்படாத இளம்பெண். நிகழ்ச்சி பரவலாகப் பாராட்டப்பட்டது. ஆனால் வெள்ளையர் ஒருவரும் இல்லாதது இனவாதம் ஆகாதா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். 1975-இல் பிராட்வேயில் அரங்கேறியபோதே அது கறுப்பினக் கலைஞர்களுக்காக, அவர்களுடைய இசையில் உருவாக்கப்பட்ட நாடகம் என்பதைப் பலர் பொறுமையாக விளக்கினார்கள்.

நம் நாட்டில் இந்தக் கேள்வியை எளிதாகக் கடந்துபோக முடியாது. 1959 பிப்ரவரியில் ஜோகானஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழக மண்டபத்தில் 'கிங் காங்' என்ற இசை நாடகம் மிரியம் மக்கேபா முதலிய கறுப்பினக் கலைஞர்களோடு அரங்கேறியது. பல்கலைக்கழக மண்டபம் என்பதாலேயே எல்லா இனத்தவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து அதைப் பார்க்க முடிந்தது. யார் மேடையில் நிற்கலாம், யார் எந்த அரங்கில் உட்காரலாம் என்பதை அரசு தீர்மானித்த காலத்தை நம் பெற்றோர் வாழ்ந்து கழித்தார்கள். அந்த அனுபவம் உள்ள வீட்டில், ஒரு நாடகத்தில் கறுப்பினத்தவர் மட்டுமே நடிப்பதைக் குறையாகச் சொல்வது எடுபடாது; எடுபடவும் கூடாது.

நேரலை என்று அறிவித்துவிட்டுப் பதிவைக் காட்டினால் அது ஏமாற்று ஆகாதா?

2019 ஜனவரி 27 அன்று ஃபாக்ஸ் ஒளிபரப்பிய 'ரென்ட்' நிகழ்ச்சியைக் குறித்தே இக்கேள்வி வருகிறது. முந்தைய நாள் ஒத்திகையில் முக்கிய நடிகர் பிரெனின் ஹன்ட் காலை முறித்துக்கொண்டார். அவருக்கு மாற்று நடிகர் இல்லை. எனவே ஒத்திகையின் பதிவைப் பெரும்பகுதி காட்டிவிட்டு, இறுதிப் பகுதியை மட்டும் நேரலையாக நடத்தினார்கள். நடந்ததைப் பார்வையாளரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டார்கள் என்பதால் இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டோம். ஆனால் பிராட்வேயில் ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்துக்கும் மாற்று நடிகர் ஆயத்தமாக இருக்கும்போது, கோடிக்கணக்கில் செலவிடும் தொலைக்காட்சி அதைச் செய்யாதது பெரும் பிழை. ஒத்திகையின்போதும் பார்வையாளர் இருந்ததால், பதிவாக இருந்தும் அதில் உயிர்ப்பு இருந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு எதிர்வினையை அளக்க உதவுமா?

ஓரளவுக்கே உதவும். 'த சவுண்ட் ஆஃப் மியூசிக்' நாடகத்தை 2013-இல் 18.6 மில்லியன் பேரும், அடுத்த ஆண்டு 'பீட்டர் பேன்' நாடகத்தை 9.2 மில்லியன் பேரும், 'த விஸ்' நாடகத்தை 11.5 மில்லியன் பேரும், 'கிரீஸ்' நாடகத்தை 12.2 மில்லியன் பேரும் பார்த்தார்கள். மிகக் கடுமையாகத் திட்டப்பட்ட நிகழ்ச்சியையே மிக அதிகம் பேர் பார்த்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். மாதிரிக்காகத் தேர்ந்தெடுத்த வீடுகளில் தொலைக்காட்சி எந்த அலைவரிசையில் இருந்தது என்பதைக் கொண்டு போடப்படும் கணக்கு அது. அந்த வீட்டில் இருந்தவர் நெகிழ்ந்தாரா, சிரித்தாரா, சமையலறையில் இருந்தாரா என்பதை அது சொல்லாது. ட்விட்டரில் எழுதியவர்களோ பார்த்தவர்களில் சிறு பகுதியினர். குழந்தைகளோடு அமர்ந்து ரசித்த தாய்மார் பலர் எதையும் எழுதவில்லை.

டர்பனில் இருந்து இவற்றை எப்படிப் பார்ப்பது நல்லது?

நியூயார்க்கில் டிசம்பர் மாத இரவு 8 மணி என்றால் நமக்கு மறுநாள் அதிகாலை 3 மணி. ஆகவே நம்மில் பெரும்பாலோர் பதிவாகவே பார்க்கிறோம். அதற்குள் நிகழ்ச்சியைப் பற்றிய தீர்ப்புகள் வாட்ஸ்அப்பில் வந்து குவிந்துவிடுகின்றன. பார்த்து முடிக்கும்வரை அவற்றைத் திறக்காதீர்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். பிறர் சிரித்த இடத்தை முன்பே அறிந்தவர் அந்த இடத்துக்காகக் காத்திருக்கிறார், பாட்டைக் கேட்பதில்லை. தனியாகப் பார்க்காமல் நான்கைந்து பேராவது சேர்ந்து பாருங்கள். கைதட்டத் தோன்றினால் தட்டுங்கள். மின்வெட்டு அறிவிக்கப்பட்டிருந்தால் அதன் நேரத்தையும் முன்னதாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பகுதியின் நடுவே மின்சாரம் போனால் விட்ட இடத்தில் மனம் மறுபடி ஒட்டுவது கடினம்.

திட்டுவதற்கென்றே பார்ப்பதில் என்ன தவறு?

மூன்று மணி நேர நிகழ்ச்சியில், திரும்ப எடுக்க வழியில்லாமல், கைத்தட்டலின் துணையும் இல்லாமல் ஒருவர் பாடுகிறார். அவருடைய சுருதி விலகியதென்றால் விலகியது என்று சொல்லலாம். வசனம் தட்டையாக இருந்ததென்றால் அதையும் சொல்லலாம். அவருடைய தோற்றத்தையும் பிறந்த ஊரையும் இழுப்பது விமர்சனம் ஆகாது. நடிகருக்கும் வீட்டுக்குச் சென்றால் கைபேசி இருக்கிறது. எழுதியதெல்லாம் அவர் கண்ணில் படுகிறது. அரங்கில் நேருக்கு நேர் அமர்ந்திருந்தால் இதை உரக்கச் சொல்வோமா என்று ஒரு முறை கேட்டுக்கொண்டால் பெரும்பாலான வசைகள் எழுதப்படாமலே போகும்.

நம் பிள்ளைகளின் தமிழ் நாடகங்களை நேரலையில் காட்டும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பெருந்தொற்றுக் காலத்திற்குப் பிறகு ஐஸ்டெட்ஃபட் எனப்படும் கலைப் போட்டிகளையும் கோயில் ஆண்டுவிழா நாடகங்களையும் கைபேசி வழியே காட்டும் வழக்கம் பரவியிருக்கிறது. கேப்டவுனில் இருக்கும் பேரனும் லண்டனில் இருக்கும் அத்தையும் பார்க்க முடிகிறது என்பது பெரிய நன்மை. ஆனால் பெரும்பாலும் மேடையில் உள்ள ஒலிவாங்கியின் ஒலியை மட்டுமே அனுப்புகிறார்கள். மண்டபத்தில் எல்லாரும் கைதட்டியிருப்பார்கள்; பார்ப்பவருக்கோ பிள்ளை பாடி முடித்து வெறுமையில் நிற்பதுபோல் கேட்கிறது. மண்டபத்தின் நடுவே, பார்வையாளரை நோக்கி, இன்னொரு ஒலிவாங்கியை வைத்து அதன் ஒலியையும் சிறிதளவு சேர்த்து அனுப்புங்கள். மேடையின் ஒலியைவிட அது தாழ்வாக இருக்கட்டும்; பாட்டு முடியும் தறுவாயில் சற்றே உயர்த்துங்கள்.

கேமராவை மேடையின்மீதே வைத்திருங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவர் முகத்தைக் காட்டத் தேவையில்லை. ஆளில்லாத மண்டபத்தில் பதிவு செய்ய நேர்ந்தால், குடும்பத்தினரில் பத்துப் பேரையாவது முன்வரிசையில் உட்கார வையுங்கள். பிள்ளைகளுக்கு ஒத்திகையின்போதே, பாட்டு முடிந்ததும் ஓடிவிடாமல் கைத்தட்டல் அடங்கும்வரை நின்று, பிறகு வணக்கம் சொல்லி விலகக் கற்றுக்கொடுங்கள்.